வெள்ளைக்காரர் தடவிப் பார்த்த பம்ப்

அன்பும் மரியாதையும் என்றைக்கும் குறையாத என் மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு,

நான் சொல்லச் சொல்ல, தபாலாபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் சரோஜா அம்மணி இதை எழுதுகிறார். "பெறுநர் முகவரி சொல்லுங்கய்யா" என்றார். "அவரு போயி நாலு மாசமாச்சுங்க அம்மணி" என்றேன். பேனாவை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அப்புறம் திறந்துகொண்டார். என் கொச்சையை அவரே நேராக்கிக்கொள்வாராம்.

எந்த வருசத்துச் சங்கதி என்று கேட்டார். எண்ணெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்க டெல்லியில் கதவைத் திறந்துவிட்டார்களென்று டீக்கடைக்கு டீக்கடை பேசிய வருசத்துக்கு மறு வருசம். நம் வீதியில் ஓட்டுக்கு ஓடு கேபிள் டிவி ஒயர் தாவியது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த வருசம்தான், பீளமேட்டில் நாம் இரும்பு வார்த்த பவுண்டரி ஓடுமா, பூட்டு விழுமா என்று நாற்பது பேர் காத்துக் கிடந்தோம்.

முதலாளி நம்மை மண்மேட்டுக்குப் பக்கத்தில் கூட்டி வைத்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பம்ப்பு வாங்கறதுக்கு ரெண்டு வெள்ளைக்காரங்க வாராங்க. ஆளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீசுல சொன்னாப் போதும். மெச்சிக்கிட்டாங்கன்னா ஆர்டர். இல்லீன்னா தை மாசம் சாவி போட்டுருவேன்." பேசி முடித்துவிட்டு அவர் துண்டால் முகம் துடைத்தது வேர்வைக்காக இல்லை.

மறுநாள் சாயங்காலமே இங்கிலீசு சொல்லித்தர டுடோரியல் டீச்சரம்மா வந்துவிட்டார். கரும்பலகை இல்லை. வார்ப்பு மண்ணைத் தட்டிச் சமன் செய்து கொடுத்தோம். அந்தக் கறுப்பு மண்ணில் கம்பியால் எழுதினார். கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்து, எழுத்துமேல் ஊர்ந்துகொண்டே போகும். எனக்கு எழுத்து தெரியாது. காதுதான். திஸ், ஈஸ், எ, பம்ப். நாலு சத்தம். அப்பேர்ப்பட்ட நாலு சத்தத்தை என் ஆயுசில் கேட்டதில்லை.

நீங்கள்தான் முதலில் கையைத் தூக்கினீர்கள். "ஏனுங்க டீச்சர், இது பம்ப்புன்னா பம்ப்புதானுங்க. நடுவாலெ இந்த ஈஸு எதுக்குங்க?"

"அது இல்லீன்னா அவங்க பேச்சு நிக்காதுங்க."

"ஓ, வார்க்கறப்ப அச்சு மண்ணோட மேல்பெட்டியும் கீழ்பெட்டியும் நகராம ஆணி குத்தறோமில்லீங்க, அதாட்டங்களா?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். 'எ' என்றால் ஏதோ ஒன்று, 'த' என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்த ஒன்றேதான் என்று சொல்லிக் கொடுத்தார். ஆர்டர் என்று வந்தால் 'எ' கூடாது, 'ஆன்' போடணும் என்றார். நீங்கள் விடுவீர்களா? "ஆர்டருக்கு மட்டும் என்னங்க தனி மருவாதி? மொதலாளி கேட்டாருங்களா?" மண்மேடே அதிர்ந்தது.

ஒன்றை மட்டும் அவரால் திருத்த முடியவில்லை. நாற்பது வாயும் "திஸ் ஈஸ் எ பம்ப்புங்க" என்றே சொல்லிற்று. "ங்க வேண்டாமுங்க" என்று அவரும் ங்க போட்டே மன்றாடினார். "விருந்தாளிங்க வாராங்க. மொட்டையா எப்படிங்க பேசறது?" என்று நீங்கள் கேட்டதும் விட்டுவிட்டார்.

பாடம் நடந்த பத்து நாளும் நான் தரையில் நடக்கவில்லை மாப்பிள்ளை. பார்த்ததையெல்லாம் அந்த நாலு சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். திஸ் ஈஸ் எ மரம். திஸ் ஈஸ் எ பஸ். தொட்டிலில் கிடந்த பேத்தியைப் பார்த்து, திஸ் ஈஸ் எ சாமி. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, புதுசாக என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்களுக்கும் அப்படி இருந்ததா? கேட்டு வைக்காமல் போனேனே.

அந்தக் கிறக்கத்தில்தான் கை தவறியது. வெள்ளைக்காரர்களுக்குக் காட்டவென்று பம்ப் உடம்பு வார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அச்சுப் பெட்டியில் மண்ணை இடித்துவிட்டுக் கம்பியால் மூச்சுத்துளை குத்தணும். குத்தாவிட்டால் காய்ச்சிய இரும்பின் ஆவி வெளியே போகாமல் உள்ளேயே பொத்தல் போடும். முப்பது வருசமாகச் செய்த கை. வாய் திஸ் ஈஸ் எ, திஸ் ஈஸ் எ என்று முனகிக்கொண்டிருக்க, கை துளை குத்த மறந்துபோட்டது.

பெட்டியை உடைத்தபோது ஓரத்தில் புளியங்கொட்டை அளவு பொத்தல். மறுபடி உலை ஏற்ற நேரமில்லை. யாரும் பார்க்காமல் மெழுகில் இரும்புத்தூளைக் குழைத்து அடைத்து, மேலே சிவப்புப் பெயிண்டு பூசினேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். பிரசவத்துக்கு வந்த மகள் வீட்டில் இருந்தாள். காரணம் அதுதான். சாக்கும் அதுதான்.

வெள்ளைக்காரர்கள் வரும் அன்று காலையில் மேசைமேல் வைத்த பம்ப்பைத் துடைக்கப் போனீர்கள். நாக்கு நன்றாகப் புரளுகிறவர் என்று உங்களைத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள். உங்கள் கட்டைவிரல் அந்த இடத்தில் நின்றது. என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங் மச்சான், இது உங்க கைங்களா?"

நான் குனிந்து செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டினேன்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். உங்கள் முறை வந்தது. "திஸ் ஈஸ் எ பம்ப்புங்க" என்றீர்கள். உயரமானவர் அதைத் தடவிப் பார்த்து, "பம்ப்புங்கா" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார். முதலாளி முகத்தில் வெளிச்சம் வந்தது. இதையே மாதிரிக்கு எடுத்துப் போகிறோம் என்று சைகை காட்டி அவர் கை வைத்ததுதான் தாமதம், நீங்கள் முன்னால் வந்தீர்கள். நகத்தால் சுரண்டினீர்கள். மெழுகு சுருண்டு விழுந்தது.

"திஸ் ஈஸ் எ பேட் காஸ்டிங்குங்க." அடுத்து உங்கள் நெஞ்சைத் தொட்டீர்கள். "ஐ ஆம் த மோல்டருங்க." வார்ப்பு மோசம், வார்த்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டீர்கள்.

உலைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. இல்லைங்க, அது நானுங்க என்று ஒரு வார்த்தை. தமிழில்கூட வரவில்லை.

அவர்கள் வேறொரு வார்ப்பைக் கேட்டு வாங்கி உரசிப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார்கள். கார் கிளம்பியதும் முதலாளி உங்களிடம், "நாளையிலிருந்து வர வேண்டாம் ஆறுச்சாமி" என்றார். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகையில் காதோரம் கேட்டீர்கள், "ஏனுங் மச்சான், ஈஸு போட்டனுங்களா, உட்டுப்போட்டனா?"

வாசல் கேட் வரை உங்கள் பின்னாலேயே ஓடி வந்தேன். ஏன் சொன்னீங்க என்றேன். "எங்கியோ ஒருத்தன் அதெக் கெணத்துல எறக்கிப்போட்டுத் தண்ணிக்கு நிப்பானுங்களே" என்றீர்கள். பிள்ளையைப் பெற்றுக் கிடந்த என் மகளைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆர்டர் வந்தது மாப்பிள்ளை. முப்பத்தொன்பது பேரும் அஞ்சு வருசம் சோறு தின்றோம். நீங்கள் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குத் தேங்காய் உரிக்கப் போனீர்கள். நான் அங்கே வரும்போதெல்லாம் அவள் இலை போட்டுக்கொண்டே சொல்வாள், "முப்பது வருசம் பெட்டி புடிச்ச கை, ஒரு பம்ப்பு ஒழுங்கா வார்க்கத் தெரியுல. எங்கண்ணனெப் பாருங்க, இன்னிக்கும் அங்கயேதான் இருக்காரு." நீங்கள் தலையைத் தூக்காமல் ரசம் கேட்பீர்கள். நான் அந்தச் சோற்றைத் தின்றேன். உங்களை எடுத்த அன்றும் கைப்பிசகு பண்ணினீங்களே என்று சொல்லித்தான் அழுதாள். அப்போதும் நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது பவுண்டரி சிமெண்டு மூட்டை அடுக்கும் குடோன். மத்தியானம் கண் அசந்தால் அந்தக் கறுப்பு மண் வருகிறது. யாரோ எழுதிக்கொண்டே போகிறார்கள், வெயில் பின்னாலேயே ஊர்கிறது, நான் படித்துவிடுகிறேன். முழிக்கும்போது என்ன படித்தேன் என்பது மட்டும் இல்லை. அங்கே உங்களுக்கு எப்படி இருக்கிறது? தேங்காய் உரித்துக் காய்த்த கை ஆறிற்றா?

சரோஜா அம்மணி எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிட்டீங்களாய்யா?" என்கிறார். இல்லைங்க அம்மணி. அவளுக்கும் எழுத்துத் தெரியாது, இதைக் கொடுத்துவிட்டு ஓடி வர முடியாது. வாயால்தான் சொல்லணும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உடுமலை போகிறேன். இலை போடுமுன் சொல்லிவிடுவேன், இது உங்களுக்கு என் வாக்கு. உங்கள் கை மோசம் என்று நம்பியவர்களில் முதலாளி போய்விட்டார், மேஸ்திரி போய்விட்டார், உங்கள் ஆத்தாவும் போய்விட்டார்கள். உண்மையைக் கேட்க வேண்டியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான்.

உங்கள் மச்சான் சின்னச்சாமி,
அவளுக்கு அண்ணன், அவள் பேர் மாராத்தாள்.