கண்ணமங்கலத்தில் குடித்த இரண்டு டம்ளர் பால்

அன்பு மகள் ஈஸ்வரிக்கு அப்பா எழுதுவது. அங்கே பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், ஆடுகள் சுகம், சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது, புளியமரமும் இந்த வருஷம் நன்றாகக் காய் பிடித்திருக்கிறது. நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் மேல் போன் போடுகிறாய், நான் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லட்டும் என்று உன் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாய். அம்மா படித்துக் காட்டினாள். எனக்கு எல்லாம் பிடித்திருக்கிறது தாயீ. கோகுலகிருஷ்ணன் நல்ல பிள்ளை, குடும்பமும் நல்ல குடும்பம். அன்றைக்கு நான் நிச்சயத் தட்டு வாங்காமல் எழுந்து போனதற்குக் காரணம் என் வயிறு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரித்தாலும் முழுக்கப் படி. நானும் உன் அம்மாவும் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்ததும் நல்ல மரியாதை செய்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தாண்டவராயன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை நிறையக் கறவை மாடு. அவர் சம்சாரம் மணியம்மாள் அம்மா அப்போதுதான் கறந்து காய்ச்சிய பாலைப் பெரிய டம்ளர்களில் நுரையோடு கொண்டுவந்து நீட்டினார்கள். நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, மாடு உழவுக்கும் எருவுக்கும், பால் கன்றுக்கு, நமக்குப் பால் விடாத டீ. என்றைக்காவது பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதிக்கொள்ளும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். உன் அம்மா கொஞ்சம்கூட யோசிக்காமல், "எனக்குப் பாலு ஒத்துக்காதுங்க, மோரு இருந்தா குடுங்க" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மலையிலிருந்து வந்தவர்கள், ஒரு டம்ளர் பால்கூடக் குடித்துப் பழகாதவர்கள் என்று இந்தக் கீழ்நாட்டுக்காரர்கள் நினைத்துவிடுவார்களே என்று அவளை முறைத்தேன். முறைத்ததோடு விட்டேனா, அவளுக்கு வந்த டம்ளரையும் வாங்கி, எங்களுக்குப் பால் என்றால் உயிர் என்று ஒரு பொய்யையும் சொல்லி, இரண்டையும் மடக்கு மடக்கென்று குடித்துவிட்டேன்.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெற்றிலை, பாக்கு, பூ, தேங்காய் எல்லாம் தட்டில் எடுத்து வைத்தார்கள். அதற்குள் என் வயிற்றுக்குள் உருட்டல் தொடங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தட்டைத் தூக்கி என் கையில் கொடுக்க வருகிற நேரம், இனி முடியாது என்று எழுந்து பின்பக்கம் ஓடினேன். கக்கூஸ் எங்கே என்று கேட்கவும் நேரமில்லை. வைக்கோல் போர் வரைக்கும்தான் போக முடிந்தது, அதற்குள் வேட்டி கெட்டுவிட்டது. கொட்டகைக் குழாயில் அலசி, ஈர வேட்டியோடு கூடத்துக்குள் எப்படிப் போவது? பின் சந்து வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். போகிற வழியில் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, என்ன சொன்னாலும் சொல், வயிறு என்று மட்டும் சொல்லாதே என்றேன். அவள் எனக்காக அவசர வேலை என்று ஏதோ சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தனியாக வெளியே வந்தாள். அதுதான் அங்கே அவமரியாதையாகிப் போய், கோகுலகிருஷ்ணன் காது வழியாக உன் காதுக்கு வந்திருக்கிறது.

மறுநாளும் வயிறு சரியாகவில்லை என்று ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் சசிகலா மாத்திரை கொடுத்துவிட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டது. சொன்னேன். அது சிரிக்கவில்லை. பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம், அதை உடைக்கக் குடலில் ஒரு சத்து ஊற வேண்டுமாம். கைக்குழந்தையாக இருக்கும்போது அநேகமாக எல்லாருக்கும் ஊறும், வளர்ந்தபின் பாதிப் பேருக்கு மேல் குறைந்துபோகும், இது நோயே இல்லை என்றது. உடையாத சர்க்கரை அப்படியே கீழ்க்குடலுக்கு இறங்கித் தண்ணீரை இழுக்குமாம், அங்கே இருக்கிற கிருமிகள் அதைத் தின்று காற்றைக் கிளப்புமாம். அப்படியானால் தயிரும் மோரும் எனக்கு ஒன்றும் செய்வதில்லையே என்றேன். "ஒறை ஊத்துறோமே, அதுல இருக்கிற கிருமி சக்கரைய பாதி தின்னுட்டுதான் உங்களுக்குக் குடுக்குது. மீதிய ஒடைக்கவும் அதே வயித்துக்குள்ள வந்து ஒத்தாச பண்ணுது" என்றது. சட்டிக்குள் நடந்தால் தயிர், எனக்குள் நடந்தால் மானக்கேடு என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மலை வயிறு, கீழ்நாட்டு வயிறு என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான்தான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனேன். வாசலில் நின்றபடியே மணியம்மாள் அம்மாவிடம் எல்லாவற்றையும், வைக்கோல் போர் வரைக்கும், சொல்லிவிட்டேன். காது சுட்டது. அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள், சிரிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு செம்பு மோரோடு வந்து, "இன்னாங்க நீங்க, எங்கூட்டுக்காரரும் இதே கேஸுதான். காலம் பூரா மாடு வச்சிருக்காரு, ஒரு வாய் பாலு குடிக்க மாட்டாரு. பால்காரன் பாலு குடிக்க மாட்டான்னு தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்ல வுட மாட்டாரு" என்றார்கள். அன்றைக்கு என் எதிரில் அவர் மட்டும் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து ஒளித்துக் குடித்தது மோர்தானாம். தாண்டவராயன் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, "ஞாயித்துக்கெழம வந்து தட்டு வாங்கிக்கங்க. கூச்சப்படாம மோரு கேட்டாங்களே அந்த அம்மா, அவங்க கையிலதான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கல்யாணம் நிற்காது, அழாதே. கோகுலகிருஷ்ணனிடம் நீ சொல்லிக்கொள், உன் ஆபீசில் மட்டும் சொல்லாதே. வயிறு கெட்டதற்கு இப்போது நான் வெட்கப்படவில்லை ஈஸ்வரி. உன் அம்மா மோர் கேட்டதற்கு நான் வெட்கப்பட்டேனே, அதுதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தக் கூடத்தில் பால் விஷயத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள், அவளைத்தான் நான் முறைத்தேன். இதை இன்னும் அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடச் சொல்லி ஒட்டாமல் அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன், படிக்காமல் விடமாட்டாள்.

நீ தீர்க்காயுசாக, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போட்டுக்கொள். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுப்பார்கள், ஒத்துக்கொண்டால் குடி. ஒத்துக்கொள்ளாவிட்டால் உன் அம்மாவைப் போல வாய்விட்டுச் சொல், என்னைப் போல அடுத்தவர் டம்ளரையும் வாங்கிக் குடிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் களத்து மேட்டில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா,
சக்கரவர்த்தி