ஆசிரியர் அறையில் ஐந்து மாதம்

ஓகா, அகிதா
9 பிப்ரவரி 1993

அன்புள்ள ஹேசல் ஆசிரியைக்கு,

குவாபரா தெய்ஸோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பனி ஜன்னல்வரை ஏறிக் கிடக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் அள்ளிப் போட்டால்தான் வாசலுக்கு வழி. நியூசிலாந்தில் இப்போது கோடை என்று நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது. நீங்களும் வீட்டாரும் நலம்தானே?

ஜப்பானிய மொழியிலேயே எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆங்கிலம் கற்பித்தவன் இப்படிச் செய்யலாமா என்று சிரிப்பீர்கள். என் ஆங்கிலத்தைவிட உங்கள் ஜப்பானியம் எவ்வளவோ தேவலை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

உங்கள் புத்தாண்டுக் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் உங்களோடு ஒட்டவே இல்லை, உங்களுக்குக் கற்பிக்க வராது என்பதை எங்கள் பள்ளியில்தான் தெரிந்துகொண்டீர்கள், மார்ச்சில் காப்பீட்டு அலுவலகத்தில் சேரப்போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி ஐந்து மாதம் உங்களுக்கு ஓய்வு கொடுத்த என் கனிவை மறக்க மாட்டீர்களாம். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி சுமியே விடாமல் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். "நீங்க எழுதலைன்னா நானே எழுதுவேன். இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, படம் போட்டுக் காட்டுவேன். முதல்ல உங்க மூஞ்சியைத்தான் போடுவேன்" என்கிறாள். ஒரு மாதமாக இதே பாட்டு.

அது கனிவு இல்லை, ஹேசல்.

போன பிப்ரவரியில் இரண்டாம் வருஷ வகுப்பில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. மழையில் ஆடு தொலைந்தால் உங்கள் அப்பா அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி மலையெல்லாம் அலைவார் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். நான் மொழிபெயர்ப்பேன் என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் வீட்டுப்பாடத்தை ஒழுங்கா எழுதணும்னு சொல்றாங்க" என்று அடித்துவிட்டேன். நீங்கள் ஜப்பானிய மொழியில், "ஐயையோ, நான் ஆட்டைப் பத்தில்ல சொன்னேன்!" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. நீங்களும் வெள்ளை மனதோடுதான் சிரித்தீர்கள். என் காது மட்டும் எரிந்தது.

மறுநாள் தேநீரும் பயறு மிட்டாயும் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்தேன். "ரொம்பக் களைச்சுத் தெரியறீங்க. கொஞ்ச நாள் இங்கயே உட்கார்ந்து ஓய்வெடுங்க, வகுப்பை நான் பாத்துக்கறேன்" என்றேன். நீங்கள் ஊர் திரும்பிய ஜூலைவரை மறுபடி கூப்பிடவே இல்லை. இங்கே யாரையும் போ என்று சொல்ல மாட்டோம். மரியாதையாக உட்கார வைத்துவிடுவோம்.

படகுக்காரர் மகள் மியோகோ வாரம் தவறாமல் கேட்டாள்: "சார், ஹேசல் மிஸ் ஏன் வர்றதில்ல?" மிஸ்ஸுக்கு உடம்பு முடியவில்லை, தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். அப்புறம் என்ன, நம் பிள்ளைகள்தானே! ஆசிரியர் அறையைக் கடக்கும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். எதிரே உங்களைக் கண்டால், பேச வைத்துக் களைப்பாக்கக் கூடாதென்று சுவரோரம் ஒதுங்கிக் குனிந்து நின்றார்கள். அதைத்தான் நீங்கள் வெறுப்பென்று எடுத்துக்கொண்டீர்கள். நான் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

போன வியாழக்கிழமை அதே வகுப்பின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேஜைமேல் கை ஊன்றித் தலை தாழ்த்தினேன். திட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று இருந்தேன். மியோகோ எழுந்து, "அப்போ மிஸ்ஸுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையா சார்?" என்றாள். இல்லை என்றேன். "அப்பாடா" என்று உட்கார்ந்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அலுவலக வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இந்தக் கிழவனின் பொய்யை நம்பிச் சேராதீர்கள். அதற்குமுன் ஒரே ஒரு தடவை ஏதாவது ஒரு வகுப்புக்குள் போய் நில்லுங்கள். பிள்ளைகள் பேசாமல் இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். உங்களிடம் முதலில் எதைச் சொல்வதென்று அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், அம்மா.

மன்னிப்புக் கேட்க வாய் வராமல், கேட்டுக்கொண்டிருக்கும்
குவாபரா தெய்ஸோ