நடுவில் சுவர் இருக்கும் விசை

செப்டம்பர் 6, புதன்

கணக்குத் தேர்வு சுமார். மதியம் பள்ளியில் சீஸ் ரொட்டி. இதெல்லாம் முக்கியமில்லை.

முக்கியமானது இதுதான்: அம்மா சம்மதித்துவிட்டாள்! இந்த வருஷம் மொன்டானாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் முதல் நாள் அம்மாவும் நானும் மட்டும் மலை முகட்டுக்குப் போகிறோம். டுவெய்ன் மாமா கிடையாது. ரீட் அண்ணன் கிடையாது. அம்மா, நான், அம்மா சின்ன வயதில் சுட்ட அந்தப் பழைய போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் கைப்பிடியை இழுத்து அடைக்கும் ரகம்). இனி அது என்னுடையதாம். என்னுடையது! இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன். என்னுடையது.

ஒரே ஒரு நிபந்தனை. “நூறு கஜத்துல ஒரு காகிதத் தட்டு. மூணு தோட்டா. மூணும் தட்டுக்குள்ள இருக்கணும். அக்டோபர் பதினஞ்சுக்குள்ள செஞ்சு காட்டு. இல்லேன்னா கூடாரத்துல அப்பாவோட உக்காந்து சீட்டு ஆடு.”

அப்பாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். “எனக்கு ஆள் கிடைச்சா சந்தோஷந்தான்” என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சுட்டுப் பழக ஊருக்கு வெளியே இருக்கும் ஜல்லிக் குழிக்குப் போனோம். தட்டில் ஒன்றுகூடப் படவில்லை. ஒரு தோட்டா தட்டுக்கு வெகு முன்னாலேயே மண்ணில் பாய்ந்தது. ரீட் அண்ணன், “புழுவ வேட்டையாடறியா, சிக்னி?” என்றான்.

டுவெய்ன் மாமா என் கையிலிருந்து ரைஃபிளை வாங்கிக் காலிதானா என்று பார்த்துவிட்டு விசையை அழுத்தினார். முகம் கோணிவிட்டது. “ஏக்கா, இது விசையா, டிராக்டர் கிளட்சா? புள்ள விரல் ஒடிஞ்சுபோகும்!”

“அதே விசையில நான் வருஷா வருஷம் மான் சுட்டேன்” என்றாள் அம்மா.

“உனக்கு இரும்புக் கை. இவளுக்கு அப்படியா?”

எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். நானும் பாவமாகப் பார்த்துக்கொண்டேன். கடையில் தனி விசை வாங்கி மாற்றிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

இப்போது போர்வைக்குள் தலைவிளக்கோடு எழுதுகிறேன். இதை ரீட் பார்த்தால் நாளைக்குக் காலைச் சாப்பாட்டில் சத்தமாகப் படிப்பான்.

விசை கடினம்தான். ஆனால் காரணம் அது இல்லை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பு தானாகச் சுருங்குகிறது, கண் மூடுகிறது, துப்பாக்கி முனை கீழே போகிறது. சத்தம் பயம். தோளில் விழும் இடி பயம். எங்க வீட்ல போய் இத யார்கிட்ட சொல்றது?

செப்டம்பர் 13, புதன்

மூன்று நாளாக வீடே விசை விசை என்று கிடக்கிறது. மாமா தினமும் வந்துவிடுகிறார். இறகு மாதிரி லேசாக இருக்க வேண்டும் என்கிறார். ரீட் கறுப்புதான் அழகு என்கிறான். அழகா! விசையில் வெளியே தெரிவதே விரலகலம்தான். அம்மா, எதுவாக இருந்தாலும் அழுத்தினால் மட்டும் சுட வேண்டும் என்கிறாள். அப்பா, “எல்லாம் ஒண்ணுதானே?” என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டார்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லாம் விசையின் தப்பு! எனக்குப் பறப்பது போல இருக்கிறது.

செப்டம்பர் 14, வியாழன்

ஐயோ. புது விசை வந்துவிட்டால் அப்புறம் எதன் மேல் பழி போடுவேன்?

செப்டம்பர் 18, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். தள்ளிப்போடுவது.

“அவசரப்பட வேண்டாமே. இன்னும் கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு வாங்கலாம்” என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “டுவெய்ன், இவகிட்ட கத்துக்கோ” என்றாள். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சொன்னதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது நிறுத்த முடியவில்லை. வலைத்தளத்தில் வயசான ஆண்கள் அரைப் பவுண்டு அழுத்தத்துக்காகச் சம்பந்திச் சண்டை போடுகிறார்கள். நல்ல விசை கண்ணாடிக் குச்சி முறிவது போல ‘டக்’ என்று விட வேண்டுமாம். கெட்ட விசை விடுவதற்கு முன்னால் மணலில் இழுத்த பெட்டி மாதிரி நறநறவென்று ஊருமாம். எங்களுடையது ஊர்கிறது! ராத்திரி காலி ரைஃபிளில் அம்மாவைக் கேட்டு அழுத்திப் பார்த்தேன். நறநற. எனக்கே ஒரே சிரிப்பு. பொய் சொல்லக் கிளம்பி, நிஜமாகவே விசைப் பைத்தியம் ஆகிவிட்டேனா?

செப்டம்பர் 23, சனி

இன்றைக்குத் துப்பாக்கிக் கடை!! கடைக்காரர் லைல் ஒரு பலகையில் மூன்று விசைகளை மாட்டி வைத்திருக்கிறார். துப்பாக்கியே இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பார்க்கலாம். வெடிக்காது. எனக்குச் சொர்க்கம்.

இன்னும் நேரம் கடத்த வேண்டுமே என்று கோட்டுப் பையிலிருந்து கம்பளிக் கையுறையை எடுத்து மெதுவாகப் போட்டேன்.

“என்னடி, கல்யாணத்துக்கா வந்திருக்க? கழட்டு அத” என்றார் மாமா.

“மலையில வெறுங்கையோடவா இருப்பேன், மாமா?”

லைல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “டுவெய்ன், இத்தன வருஷமா என் கடைக்கு வர்ற. ஒரு நாளாவது நீ கையுறை கொண்டாந்தியா?”

முதலில் மாமாவுக்குப் பிடித்த வெள்ளி விசை. தொட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரிவதற்குள் ‘டக்’. துள்ளிக் குதித்துவிட்டேன். வெறும் பலகைக்கே! கறுப்பு பரவாயில்லை. மூன்றாவது, சாம்பல் நிறம். அது இரண்டு கட்ட விசை. முதலில் விரலோடு சும்மா மெத்தென்று வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. ஒரு சுவரில் விரலைச் சாய்த்தது போல இருக்கிறது. அங்கேயே நிற்கலாம். மூச்சு விடலாம். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடலாம், ஒன்றுமே நடந்திருக்காது. வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் — டக்.

நான் சுவரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“தூங்கிட்டியா?” என்றார் மாமா. “நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மான் கனடாவுக்கே போயிடும்.”

போகட்டும். எனக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் வாங்கிவிடுவார்களே.

செப்டம்பர் 30, சனி

மாமா யாருக்கும் சொல்லாமல் வெள்ளியை வாங்கி வந்துவிட்டார். எனக்குப் பரிசாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சமையல் மேசையில் வைத்து மாட்டினார். அதற்கு முன்னால் அம்மா தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டிவிட்டு வந்தாள். ரைஃபிள் காலிதானா என்று மூன்று பேர் பார்த்தோம். மாமா எவ்வளவு லேசாக வைக்க முடியுமோ அவ்வளவு லேசாக வைத்தார். “பட்டு, அக்கா, பட்டு!”

அம்மா போல்ட்டை இழுத்து அடைத்து, ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, அடிக்கட்டையைக் கம்பளத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டக்.

யாரும் விசையைத் தொடவில்லை. அப்பா முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“உன் பட்டு தானாவே சுடுது, டுவெய்ன்.”

“கொஞ்சம் இறுக்கினா சரியாயிடும்...”

“எம் பொண்ணு கையில குடுக்கற துப்பாக்கியில ‘கொஞ்சம்’ எல்லாம் கிடையாது. கழட்டு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீதான எல்லாத்தையும் படிச்ச. உனக்கு எது வேணும்?”

மாட்டிக்கொண்டேன். “சாம்பல்” என்றேன்.

“ஏன்?”

“நடுவுல ஒரு சுவர் மாதிரி வருதும்மா. அங்க நிக்கலாம்.”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாமா வெள்ளியைப் பெட்டியில் போட்டு மூடினார். பாவம், ரிப்பன்கூடக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

அக்டோபர் 8, ஞாயிறு

வந்துவிட்டது. லைலே மாட்டிக் கொடுத்தார். அம்மா தட்டினாள், குலுக்கினாள், போல்ட்டை ஓங்கி அடைத்தாள். அசையவில்லை.

ஜல்லிக் குழியில் லேசாகப் பனி தூறியது. விரல் வந்தது, வந்தது, சுவரில் நின்றது. எவ்வளவு அழகு! சுவரில் நிற்கும்போது தட்டு தெளிவாகத் தெரிகிறது. அதற்கப்புறம் — மூடிவிட்டேன். மூன்று தடவையும். ஒன்று தட்டில். இரண்டு எங்கேயோ.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். இதோ, கண்டுபிடிக்கப்போகிறார்கள்.

“ஸ்கோப்பு!” என்று ரைஃபிள் மேலிருக்கும் குறிபார்க்கும் குழாயைக் காட்டிக் கத்தினார் மாமா. “ஸ்கோப்புதான் கோணல்!”

“தோட்டா பழசு” என்றான் ரீட்.

“காத்தும் இருக்கு” என்றார் அப்பா. காற்றே இல்லை.

இவர்கள் ரைஃபிளை ஒவ்வொரு துண்டாக மாற்றுவார்கள், கடைசியில் மலையையே மாற்றுவார்கள். நான்தான் சரியில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். நடுவில் எப்போதோ அது அழுகையாகிவிட்டது.

அக்டோபர் 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மாமா ஸ்கோப் படங்கள் போட்ட புத்தகத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். எது வாங்கலாம் என்று குறி வேறு போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை.

“ஸ்கோப்பு இல்ல மாமா. விசையும் இல்ல. நாந்தான். சுடும்போது கண்ண மூடிக்கறேன். எப்பவுமே. பயமா இருக்கு.”

உருளைக்கிழங்கு மசியலை யாரும் தொடவில்லை.

“நம்ம குடும்பத்துல யாரும் கண்ண மூடினதில்லயே” என்றார் மாமா. திட்டவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

அம்மா மட்டும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: “எப்ப மூடற? சுவத்துல நிக்கும்போதா, அதுக்கு அப்புறமா?”

“அப்புறம்.”

“சுவர் வரைக்கும் தொறந்திருக்கா?”

“இருக்கு.”

“சரி. முக்கால் வேலை முடிஞ்சுது. வெண்ணெய் வேணுமா?”

அவ்வளவுதான்! அவ்வளவுதானா? ஒரு மாதமாக இதற்கா செத்துப் பிழைத்தேன்? ரீட்கூடக் கிண்டல் செய்யவில்லை. மேசைக்கடியில் என் காலை மிதித்தான். அவன் வழக்கத்தில் அது அன்பு.

அக்டோபர் 12, வியாழன்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

பள்ளி விட்டதும் ஜல்லிக் குழி. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போடுவாள். சிலது நிஜம், சிலது மருந்தில்லாத போலி. எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. எப்போது வெடிக்கும் என்று தெரியாவிட்டால் உடம்பு எதற்கு முன்கூட்டியே பயப்பட வேண்டும்? இதுதான் அம்மாவின் யோசனை.

“மொதல்ல நான் காட்டறேன், பாத்துக்கோ” என்று மாமா படுத்தார். காலை அகட்டினார். மூச்சை இழுத்தார். அழுத்தினார்.

க்ளிக்.

வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை, வாத்து குளத்தில் தலையை விடுவது போல, சடக்கென்று கீழே போய் வந்தது! கண்கள் இறுக்கமாக மூடியிருந்தன!

ரீட் ஜல்லியில் புரண்டான். அப்பா சிரிக்க முடியாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

“ஈ வந்துச்சு” என்றார் மாமா.

“இந்தக் குளிர்லயா?” என்றாள் அம்மா.

“அது மொன்டானா ஈ, அக்கா. குளிர் தாங்கும்.”

மாமாவை எனக்கு இவ்வளவு பிடித்ததே இல்லை. வருஷா வருஷம் மான் கொண்டுவரும் மாமா! அவரும் மூடுகிறார், அவருக்கே தெரியாமல்!

பிறகு நான். க்ளிக், முனை குனிந்தது. க்ளிக், கொஞ்சம் குனிந்தது. க்ளிக், அசையவில்லை. அடுத்ததும் போலிதான் என்று நினைத்துச் சுவரைத் தாண்டினேன் — டமால்! தட்டுக்குப் பின்னால் புழுதி எழுந்தது. புழுதியைப் பார்த்தேன்! இத்தனை நாளாகச் சுடுகிறேன், சுட்டால் புழுதி எழும் என்று இன்றைக்குத்தான் தெரியும்!

அக்டோபர் 15, ஞாயிறு

கடைசி நாள். முதல் தோட்டா உள்ளே. இரண்டாவது உள்ளே. மூன்றாவது தட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

“பட்டுது, பட்டுது! விளிம்பும் தட்டுதான்” என்று குதித்தார் மாமா.

“பாதி ஓட்ட வெளிய இருக்கே” என்றான் ரீட்.

“உன்ன யாரு கேட்டா? அக்கா, நீ சொல்லு.”

அம்மா என்னிடம் தட்டை நீட்டினாள். “சுட்டது அவ. அவ சொல்லட்டும்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. “உள்ளன்னா உள்ள. இது முழுசா உள்ள இல்ல” என்றேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. ஏண்டி சொன்ன, ஏண்டி சொன்ன!

அம்மா புதுத் தட்டைக் கட்டிவிட்டு வந்தாள். நிழல் நீண்டுவிட்டது. மூச்சு சீராகும்வரை சுவரில் நின்றேன். ஒரு தடவை திரும்பிக்கூட வந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்றும் உள்ளே. மூன்றும்! மூன்றும்!! அம்மா வீடு வரை ஏதோ பழைய பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

அக்டோபர் 20, வெள்ளி

கூடாரம். கையுறையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நாளை.

அக்டோபர் 21, சனி

விடிந்து வெகு நேரம் கழித்து ஒரு ஆண் மான் சரிவில் ஏறி வந்தது. விரல் சுவரில் நின்றது. மான் பைன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. விரலை எடுத்துவிட்டேன். அம்மா அசையவேயில்லை. மானின் மூச்சு மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் புகை மாதிரி தெரிந்தது.

அது மறுபடி வெளியே வந்து, ஒரு ஜூனிபர் மரத்தடியில் பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட்டேன்.

போல்ட்டை இழுத்துக் காலித் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டேன்.

“நான் சுட்டதும் அந்த ஜூனிபர் கிளையிலேர்ந்து பனி மொத்தமா விழுந்துச்சேம்மா, பாத்தியா?” என்றேன்.

“எந்தக் கிளை? நான் பாக்கலியே.”

பள்ளத்தைக் கடந்து நடந்தோம். மான் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஜூனிபர் மரம் முழுக்கப் பனி, வெள்ளை. மானுக்கு நேர் மேலே ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது.