அப்பாவின் மடங்கிய கை

12.6.2024, புதன்

ஷிஃப்ட் முடிந்து வந்தால் அம்மா அப்பாவின் இடது கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்ததோ வலது பக்கம். ஆனால் இந்தக் கைதான் அடிக்கடி விரல்களை முட்டியாக மடக்கிக்கொண்டு மேலே போகிறது. "இதுவும் இசுத்துக்கினு போவுது ஹெலன்" என்று அழுகிறாள்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது "ஸ்தோத்திரம்". ஈஸ்டரன்று பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் கேட்டாலும் அது, கோபம் வந்தாலும் அது.

16.6, ஞாயிறு

சபை மூப்பர் ஸ்டீபன் தன் மகன் ஜோஷ்வாவுக்கு என்னைக் கேட்டு வந்தார். கல்யாணத்துக்கப்புறம் கம்பெனி வேலைக்குப் போகக் கூடாதாம். "இன்னா மோசஸ், சம்மதந்தானே?" என்றார். அப்பா முகம் சிவந்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

"பாத்தியா, ஆண்டவரே பேச வெக்கிறாரு" என்றார் மூப்பர். முடிந்தது. முப்பதாம் தேதி நிச்சயம்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஏன் வாயை மூடிக்கினு நின்னேன்? அப்பா பாத்துக்குவாருன்னா? அவருக்குத் தண்ணி கேக்கவே வரல —

17.6

அப்பாவையும் என்னையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டின மாதிரி இருக்கு.

20.6, வியாழன்

திருவள்ளூர் ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி தரும் குணசுந்தரி மேடம், வேண்டுமென்றே பேரை மாற்றி, "உங்க பேரு ராஜாவா?" என்று கேட்டார். அப்பாவின் முட்டி மேலே போனது. வழக்கம்போல விரல்களைப் பிரிக்கப் போனேன்.

"விடும்மா. இவர் என்ன வேலை பார்த்தார்?"

ரோலிங் மில்லில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுகிற வேலை. அந்த இரைச்சலில் கைதான் பேச்சு. விரலைச் சுழற்றினால் 'தூக்கு'. முட்டி மடக்கினால் 'நிறுத்து'. சொல்லிக்கொண்டே அப்பாவின் கையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவருக்கு எல்லாம் புரியுது, வாய்தான் வேற வார்த்தையைத் தள்ளுது. கையைத் தடுக்காதீங்க" என்றார் மேடம்.

"ஜோஷ்வா வேணுமாப்பா?" என்று கேட்டேன். முட்டி. இத்தனை நாள் அதற்குத்தான் எண்ணெய் போட்டு விரித்துக்கொண்டிருந்தோம்.

21.6

அம்மாவிடம் சொன்னேன். "ஒடம்பு முடியாத மனுசன் கைய ஆட்டுனாருன்னு நிச்சயத்த நிறுத்துவியா? வாயால ஸ்தோத்திரம் சொன்னாரே, அது பொய்யா?" என்றாள். பேஜாரு. யாரிடம் போய்ச் சொல்ல?

29.6

நாளைக்கு. புடவை மடித்து வைத்தாகிவிட்டது.

30.6, ஞாயிறு

சம்மதமா என்று போதகர் அப்பாவைக் கேட்டார். "ஸ்தோத்திரம்." கூட்டமும் ஸ்தோத்திரம் என்றது. முட்டி தலைக்கு மேலே நின்றது. அம்மா அதை இறக்கப் போனாள்.

அப்பா போதகரைப் பார்க்கவில்லை, மூப்பரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். சிக்னல் காட்டுகிறவர் கிரேன் ஓட்டுகிறவரைத்தான் பார்ப்பார். அவரால் காட்டத்தான் முடியும். நிறுத்துவது மேலே உட்கார்ந்திருப்பவரின் கை.

எழுந்து நின்றேன். "எனக்கு வேணாம்" என்றேன். குரலே வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

3.7, புதன்

சபையில் யாரும் முகம் கொடுப்பதில்லை. அம்மாவும் என்னிடம் பேசுவதில்லை. வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே அவள் குரல் கேட்டது.

"இன்னா, தண்ணியா?"

எட்டிப் பார்த்தேன். முட்டி.

"டீயா?"

அப்பாவின் விரல் மெதுவாகச் சுழன்றது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள்.