ஒலிபெருக்கியில் நோயை வாசிப்பதை நிறுத்தி, பதினைந்தாம் எண்காரரைத் திரும்ப அழைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இருக்கை தைப்பவர் (வயது 52),
பேருந்துப் பணிமனை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவில் நோயாளியின் நோயை ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்தவும், அதைக் கேட்டு எழுந்து போய்விட்ட எண் 15-ஐத் திரும்ப வரவழைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். புகார் மனுவில் நன்றி எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். ஆணுறுப்பு வளைவு என்ற குறைக்காகத் தங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். இன்று சுகமாக இருக்கிறேன், என் வீட்டிலும் சந்தோஷம். ஆகவே இது வயிற்றெரிச்சலில் எழுதும் மனு அல்ல.

2. சென்ற ஆண்டு உறுப்பின் உள்ளே ஒரு பருப்பு அளவுக்குத் தடிப்பு தட்டுப்பட்டது. விறைக்கும்போது வலித்தது. பிறகு மேல்நோக்கி வளையத் தொடங்கியது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மனைவி, நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, தான் செய்த தவறு எதுவென்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் இருக்கிறது.

3. ஒரு நாள் தனியாகத் தங்கள் மருத்துவமனைக்கு வந்து சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரை ஒலிபெருக்கி அழைத்தது: "எண் எட்டு, வயது அறுபது, விரைவீக்கம்." ஒரு முறை அல்ல, மூன்று முறை. அதே நடைபாதையில்தான் மருந்து வாங்கும் வரிசையும் கண் பிரிவும் இருக்கின்றன. அத்தனை தலையும் திரும்பியது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடியிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அடுத்தது நான். சீட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிட்டேன். அதன்பின் ஏழு மாதம் வீணாயிற்று, வளைவும் கூடியது.

4. கடைசியில் என் மனைவியிடம் சொன்னேன். "பல்லு வலிச்சா ஊரையே கூட்டுவீங்க, இதுக்கு மட்டும் வாயில பூட்டா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு வந்தாள். வக்கீலிடமும் வைத்தியரிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். ஒலிபெருக்கியிடமும் மறைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

5. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று அறிவிப்புச் செய்யும் அம்மாவிடம் விசாரித்தேன். வட்டமான பிளாஸ்டிக் வில்லைகளில் எண் எழுதித் தருகிறீர்கள். முன்பொரு நாள் ஆறாம் எண்ணை அழைத்தபோது, ஒன்பதாம் எண்காரர் தன் வில்லையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து உள்ளே போய்விட்டாராம். சாதாரண நீர்க்கடுப்புக்கு வந்த மனிதரைச் சிறுநீர்க்குழாய் மாட்டப் படுக்க வைத்துவிட்டார்களாம். அவர் போட்ட சத்தத்தில்தான் தவறு தெரிந்ததாம். அன்றிலிருந்து எண், வயது, நோய் மூன்றையும் மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. அந்த அம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை. "நானும் மெதுவா சொல்லிப் பாத்தேங்க, எலக்ட்ரீஷியன் சவுண்டை ஏத்திவச்சு பெட்டியைப் பூட்டிட்டுப் போயிட்டாரு" என்று அவரே வேதனைப்பட்டார்.

6. இனி மனுவின் முக்கியமான விஷயம். மனைவியோடு வந்த அன்று என் எண் 14. பக்கத்தில், சட்டையில் சுண்ணாம்புத் துளி காயாத ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. அவர் எண் 15. "டாக்டர் திட்டுவாராக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டார். "திட்டுனா நான் பாத்துக்கறேன், உக்காருங்க தம்பி" என்றாள். அப்போது ஒலிபெருக்கி என்னை அழைத்தது. சீட்டு எழுதும் குமாஸ்தா மருத்துவப் பெயரை எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. அவர் பச்சைத் தமிழில் எழுதியிருந்தார். அந்த அம்மாவும் எழுத்துக்கு எழுத்து மூன்று முறை வாசித்தார். வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் எழுந்து உள்ளே போனேன், பெயிண்டர் எழுந்து வெளியே போனாராம்.

7. நான் திரும்பி வந்தபோது ஒலிபெருக்கி காலி நாற்காலியை அழைத்துக்கொண்டிருந்தது: "எண் பதினைந்து, வயது முப்பத்தொன்று, ஆணுறுப்பு வளைவு, வலி." அவர் கேட்க வேண்டிய அத்தனை பதிலும் அப்போது என்னிடம் இருந்தது. வாசல்வரை ஓடினேன். ஆளைக் காணோம்.

8. மருத்துவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொஞ்சம் வளைவு பொறந்ததுலேருந்தே நிறைய பேருக்கு இருக்கும். வலி இல்ல, உறவுக்கு இடைஞ்சல் இல்லன்னா எங்கிட்ட வரவே வேண்டாம். புதுசா வளைஞ்சா, வலிச்சா, உள்ள தடிப்பு தெரிஞ்சா, வளைவு கூடிக்கிட்டே போனா, உறவு கஷ்டமானா வாங்க. இது புத்துநோய் இல்ல. ஆனா ஆரம்பத்துலயே வந்தா நல்லது." எனக்கு ஊசியும், இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியுமாகச் சிகிச்சை நடந்தது. இன்னும் முற்றி நின்றுவிட்டால் சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுமாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. வலி நின்றது, வளைவு பெருமளவு குறைந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டு நாளாகிறது.

9. அன்று மருந்து வரிசையில் நின்றிருந்த எங்கள் ஸ்டோர்கீப்பர் மூலம் செய்தி பணிமனைக்கும் வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், எல்லோரையும்விட உரக்கச் சிரித்த ஒரு நடத்துநர் தையல் அறைக்குத் தனியாக வந்து, எந்த டாக்டர், எந்தக் கிழமை என்று கேட்டார்.

10. ஆகவே தங்களை வேண்டுவது: எண்ணை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். வில்லைகளில் 6-க்கும் 9-க்கும் அடியில் ஒரு கோடு போட்டால் போதும். பேருந்து இருக்கைகளில் எண் தைக்கும்போது இருபது வருடமாக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், இதுவரை ஒரு பயணிகூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை. சம்மதித்தால் எல்லா எண்களையும் ரெக்சினில் நானே தைத்துத் தருகிறேன். மருத்துவர் சொன்ன விவரத்தை ஆண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கே யாரும் யாரையும் பார்க்காமல் நிதானமாகப் படிப்பார்கள்.

11. அந்தப் பெயிண்டர் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் நாற்காலி நாற்காலியாகத் தேடுகிறேன். அவர் முகவரி தங்கள் பதிவேட்டில் இருக்கும். அதை எனக்குத் தர வேண்டாம். வெளியே எதுவும் எழுதாத உறையில், இது தீரக்கூடியது, இன்னும் வரலாம் என்று இரண்டு வரி அவருக்கு அனுப்புங்கள். அவர் வருவதற்குள் உத்தரவை மாற்ற முடியாமல் போனால், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவருடைய எண்ணை அழைக்கும்போது, நோயின் பெயருக்கு நான் எழுந்து நிற்கிறேன். அவர் பேசாமல் உள்ளே போகட்டும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

இடம்: பணிமனை, தையல் அறை
நாள்: இம்மாதம் 12

(ஒப்பம்)
இருக்கை தைப்பவர்

படித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்பமிடுபவர்:
(ஒப்பம்) மனைவி