காந்தம் ஒட்டாத பாத்திரம்

அன்புள்ள என்னவருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதினால் இந்த வரி முழு உண்மையாகும். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "சரி, சரி" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அத்தையும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

புது ஆலைக் குடியிருப்பில் சாமான்களை இறக்கி அடுக்கியாயிற்று. வீடு வெளிச்சமாக இருக்கிறது. சாமி படத்துக்குக் கிழக்குச் சுவர் கிடைத்தது. அலமாரிக் கதவுதான் சாத்த மாட்டேன் என்கிறது, நீங்கள் வந்து பார்க்கவேண்டும்.

அடுப்பைப் பற்றித்தான் எழுதவேண்டும். இங்கே எரிவாயு உருளை வைக்கக் கூடாதாம். மேடையில் கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு மின்சார அடுப்பைப் பதித்திருக்கிறார்கள். தீயே கிடையாது. தினமும் பற்றவைத்ததும் தீயைக் கும்பிட்டுப் பழகியவள் நான். முதல் நாள் எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அத்தை பார்த்துவிட்டு, "தீ இல்லாம சமைச்சா அது சமையலா, மந்திரமா?" என்று கேட்டார்.

மந்திரமும் பலிக்கவில்லை. நம் பெரிய அலுமினியப் பானையை வைத்தேன். அடுப்பு கீச் கீச்சென்று கத்திவிட்டுத் தானே அணைந்துபோனது. துடைத்து வைத்தேன், திருப்பி வைத்தேன், ஒரு சுலோகம் சொல்லியும் வைத்தேன். கீச்தான். அடுப்பு ரிப்பேர் என்று முடிவுகட்டி, குடியிருப்பின் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சண்டையும் போட்டேன். அவர் ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பானையின் அடியில் வைத்தார். காந்தம் பொத்தென்று கீழே விழுந்தது. "அடுப்புல ஒண்ணும் இல்லக்கா. இது ஒட்டுற பாத்திரம்தான் சூடாகும்" என்றார். திட்டினதுக்குச் சேர்த்து ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். அதுவும் காந்தம் ஒட்டிய பாத்திரத்தில்தான்.

அவர் போனபிறகு காந்தத்தோடு வீடு முழுக்கச் சுற்றினேன். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களில்கூட ஒன்றில் ஒட்டுகிறது, இன்னொன்றில் வழுக்குகிறது. கல்யாணத்துக்கு உங்கள் அக்கா கொடுத்த அண்டாவில் ஒட்டவில்லை. அத்தை ஓட்டை என்று தூக்கிப்போடச் சொன்ன வாணலியில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியவை, ஒட்டாதவை என்று இரண்டு பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டாதவைதான் நீளம். என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

உங்கள் பயிற்சி வகுப்பு எப்படிப் போகிறது? கரியும் அனலுமாக நின்ற உங்களை இனி திரையைப் பார்த்து பாய்லர் ஓட்டச் சொல்கிறார்களே, அந்தத் திரையில் என்னதான் தெரிகிறது? அத்தை எல்லோரிடமும், "என் புள்ள நெருப்போட பேசுறவன். அவனப் போய் டிவி பாக்க உக்கார வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெந்நீரில் குளியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தையிடம் படித்துக் காட்டும்போது பாதியை விழுங்கிவிட்டேன்.

வகுப்பில் எல்லோரும் பையன்கள், பாடம் நடத்துவது மகள் வயதுப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். "புரியாததுக்கும் புரிஞ்சுதுன்னு தலையாட்டிட்டு வரேன். இது எனக்கு ஆகாது. சனிக்கிழமை கிளம்பி வந்துடறேன்" என்று முடித்திருக்கிறீர்கள்.

வாருங்கள். உங்கள் வீடு, கதவு திறந்தே இருக்கும். மூன்று பேருக்காகவே சமைத்து வைக்கிறேன். ஆனால் ஒன்றை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ஸ்டோர் கீப்பர் வீட்டம்மா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். பயிற்சிப் பரீட்சை தேறாதவர்களுக்குப் புது ஆலையில் வேலை இல்லையாம், வருஷக் கடைசியில் குடியிருப்பையும் காலி செய்யவேண்டுமாம். உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் வருகிறேன் என்றால், அங்கே எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தைக்குச் சொல்லவில்லை.

உங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மண்டபம் எது என்று யாரையும் கேட்க மாட்டேன் என்று அதே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். கடைசியில் நான்தான் பழக்கடைக்காரரிடம் கேட்டேன். மண்டபம் அவர் கடைக்கு நேர் பின்னால் இருந்தது. நாம் பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. அந்தப் பாயசத்துக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு உதவி வேண்டும். இந்த அடுப்பு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. நேற்று ஒரு சோதனை செய்தேன். பழைய காலண்டர் தாளை அடுப்பின்மேல் விரித்து, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தாள் கருகவே இல்லை, தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. அப்படியென்றால் சூடு எங்கேயிருந்து வருகிறது? அடுப்பிலிருந்து வந்தால் தாளைத் தாண்டித்தானே வரவேண்டும்? எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவருக்குக் காந்தம் வரைக்கும்தான் தெரிகிறதாம். விளக்கப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், அதில் எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது.

உங்களுக்கும் இது தெரிந்திருக்காது. இதில்தான் நெருப்பே இல்லையே. அந்தப் பாடம் நடத்தும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை எழுந்து நின்று கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒருத்தி தொந்தரவு செய்கிறாள் என்று என் பேரிலேயே போட்டுக் கேளுங்கள். உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் வராது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாத்திரங்களுக்கு ஏதாவது வழி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிலைத் தாளில் கொண்டுவந்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி.

சாமி உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள என்னவருக்கு,

சனிக்கிழமை சொன்னபடி மூன்று பேருக்குச் சமைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். விளக்கு வைத்த பிறகும் நீங்கள் வரவில்லை. ஒரு ஆள் சோறு மீந்தது. மீந்த சோற்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. கூடவே கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

அதன்பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. அந்தப் பெண் போட்டுக் கொடுத்த படத்தை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாமல் இரும்பை உசுப்பிவிடுகிறது, பாத்திரம் தனக்குள்ளேயே சூடாகிக்கொள்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். தப்பென்றால் திருத்துங்கள். ஓரத்தில் நீங்கள் எழுதியதை மட்டும் அத்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்: "சத்தமாத்தான் கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் பாத்தா, அந்தப் பசங்களும் நோட்டை எடுத்து எழுதுறானுங்க. அவனுங்களுக்கும் தெரியலையாம்." அத்தை சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது.

அந்தப் பெண் சொன்னபடி கடையில் ஒரு தட்டையான இரும்புத் தட்டு வாங்கினேன். அதை அடுப்பின்மேல் வைத்து, அதன்மேல் நம் அலுமினியப் பானையை ஏற்றினேன். கீச் சத்தம் இல்லை. மற்ற பாத்திரங்களைப்போல உடனே சூடாகவில்லை, மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் ஏறியது. கட்டிலுக்கு அடியிலிருந்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பாத்திரத்தை எடுத்த உடனே அடுப்பு கத்துகிறதே, எடுத்தது அதற்கு எப்படித் தெரிகிறது? இதற்கு அவசரமில்லை. கேட்டு வைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்து வரும்போது நேரில் சொன்னால் போதும். அதுவரை அலமாரிக் கதவு சாத்தாமலே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடவுள் துணை.

உங்கள் வீட்டுக்காரி