இரட்டை ஈர்க்கு

சேசு மரி சூசை துணை

செந்தூல்,
1934 நவம்பர் 18, ஞாயிறு

என் அன்பு மகன் வாலண்டைனுக்கு அம்மா உர்சுலா எழுதுவது. நான் உடம்புக்குச் சுகமாக இருக்கிறேன், நீயும் தும்பாட்டில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே இப்போது மழைக்காலம், ஸ்டேஷனில் ஈரச் சட்டையோடு நிற்காதே, நெஞ்சுக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது யாரும் எனக்கு எழுதிக் கொடுத்தது இல்லை. உன் பெண்சாதி ஜோசஃபின் ஜெபப் புத்தகத்தை வைத்து எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாளே, அந்த எழுத்துதான். இன்றோடு மூன்று நாளாக எழுதுகிறேன். கிரிகரி உபதேசியாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், ஆனால் இதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்பக்கத் தகரம் ஒழுகியது, அய்யாவு அண்ணன் வந்து தார் பூசிவிட்டுப் போனார். அப்பாவோடு ஒர்க்ஷாப்பில் பதினெட்டு வருஷம் சம்மட்டி பிடித்தவர், இன்னும் வாசலில் நின்று ரபேலு என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார், எனக்கும் அந்த நேரம் உள்ளேயிருந்து அவர் பதில் சொல்லுவார் போலத்தான் இருக்கிறது. இப்போது வந்த உன் கடிதத்தை உபதேசியார் படித்துச் சொன்னார். ஜனவரியில் உனக்கு ரயில்வே வீடு கிடைக்கிறது, நான் மட்டும் புறப்பட்டு வந்துவிட வேண்டும், ஜோசஃபின் பேச்சை எடுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இது. எனக்கு அந்த வீடு வேண்டாம் ஐயா. படித்து முடிக்கும்வரை கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே.

அப்பாவின் வருஷப் பூசைச் சாப்பாட்டில் நடந்ததாக நான் உனக்கு எழுதச் சொன்னது பொய். ஜோசஃபின் செத்த கோழியை வாங்கி வந்து பத்துப் பேர் முன்னால் நம்மைத் தலைகுனிய வைத்தாள் என்று எழுதச் சொன்னேன். கோழி நல்ல கோழி. கெடுத்தவள் நான்.

ஈர்க்கில் குத்திக் கரியில் சுடுகிற அந்தச் சாத்தே அப்பாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். மலாய்க் கம்பத்து ஹலிமாவிடம் கற்றுக்கொண்டு ஜோசஃபின் சுடுவாள். மல்லி, சீரகம், மஞ்சள் அரைத்துக் கோழித் துண்டில் பிசறி வைப்பாள், கடைசியாகத்தான் அன்னாசியைத் துருவிக் கலப்பாள். கரி பத்தி கனலாகுற நேரந்தான் அத்தை அன்னாசிக்கு, அதுக்கு மேல வேணாம் என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு கஞ்சியைக்கூடக் கையால் தள்ளினார். அவள் சுட்டுக் கொடுத்ததை மட்டும் ஒரு குச்சி முழுக்கத் தின்றுவிட்டு, நல்லாருக்கு புள்ள என்றார். அதற்குப் பிறகு எந்தச் சாப்பாட்டையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நாலாம் நாள் போய்விட்டார். முப்பது வருஷம் ஆக்கிப் போட்டவள் நான், அந்த வார்த்தை அவளுக்குப் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

வருஷ நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் பூசை, அன்றைக்கு மாமிசம் ஆகாது என்று சாப்பாட்டை மறுநாள் சனிக்கிழமைக்கு வைத்தோம். வெள்ளி சாயங்காலம் ஜோசஃபின் பாசாரில் நின்று நாலு கோழி அறுத்து வாங்கி வந்து, துண்டு போட்டு, மசாலா பிசறி, ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள் சட்டியை வைத்துவிட்டு ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். அவர் நாளுக்கு என் கையும் பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது, ராத்திரி முழுக்க ஊறினால் அவள் சுட்டதைவிட மெத்தென்று இருக்கும், எல்லாரும் உர்சுலா கைப்பக்குவம் என்று சொல்லட்டும் என்றும் தோன்றியது. அவள் எடுத்து வைத்திருந்த அன்னாசியைத் துருவிப் போட்டேன். அது போதாது என்று விருந்தாளிகளுக்கு நறுக்கக் கிடந்த இன்னொரு பழத்தையும் துருவிப் போட்டு மூடினேன். தோலைப் பின்பக்கம் எறிந்தேன்.

காலையில் அவள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டு வந்தாள். குத்தத் தொடங்கினவள் ஒவ்வொரு குச்சிக்கும் இரண்டு இரண்டு ஈர்க்காகச் சேர்த்துக் குத்தினாள். ஈர்க்கு என்ன மரத்துல காய்ச்சுத் தொங்குதா, ஒண்ணு பத்தாதா உனக்கு என்று நான்தான் சத்தம் போட்டேன். இருக்கட்டும் அத்தை என்றாள். ஒர்க்ஷாப்பில் கழித்த தகரத்தை அப்பா மடக்கிச் செய்த நீள அடுப்பில் கரி மூட்டி வைத்தோம். செராய் வாசனைப்புல் தண்டை நசுக்கி எண்ணெயில் தொட்டுத் தடவினாள். தடவினதுதான் தாமதம், சதை கூழாகக் கழன்று கரியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கருகின புகை வாசல் வரை போனது. வெறும் ஈர்க்குகள் வரிசையாகக் கிடந்தன. அய்யாவு அண்ணன் விளையாட்டாக, என்ன தங்கச்சி, ரபேலு மேலேருந்து ஒவ்வொண்ணா உருவிக்கிறானா, எங்களுக்கும் கொஞ்சம் விடச் சொல்லு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செத்த கோழிய வாங்கியாந்து என் புருஷன் நாளக் கெடுத்துட்டாளே பாவி என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பருப்பும் சோறும் தின்றுவிட்டு எழுந்துபோனார்கள். கத்தும்போது எனக்குத் தெரியாது என்று உன்னிடம் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு பழம் அப்போதும் என் கண்ணுக்குள் இருந்தது, அதைத் தள்ளிவிட்டுத்தான் கத்தினேன்.

எப்போதும் அவள்தான் எனக்காகக் கடிதம் எழுதுவாள், இதை அவளிடம் எழுதச் சொல்ல முடியுமா, அதனால் உபதேசியாரிடம் போனேன். ஏம்மா, இது புள்ளைக்கு எழுதித்தான் ஆகணுமா, கோவம் ஆறட்டுமே என்று இரண்டு தடவை கேட்டார். எழுதுங்க என்றேன். அதற்கு உன் முதல் பதில் வந்தபோது அவர் வெளியூரில் இருந்தார். எனக்குக் கையெழுத்து படிக்க ஓடாது என்று உனக்குத் தெரியும். ஜோசஃபினே பிரித்தாள், அவளே படித்தாள். அப்பாவின் வருஷ நாளை மதிக்காதவள் நம் வீட்டில் இருக்க வேண்டாம், அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று நீ எழுதியதை, ஒரு எழுத்து விடாமல், குரல் உடையாமல் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அவள் கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, உலை வைத்தாள். மறுநாள் காலை கிள்ளான் ரயிலில் போய்விட்டாள்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை நானே உயிர்க்கோழி வாங்கி வீட்டில் அறுத்தேன். நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் செய்தேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. ராத்திரி அன்னாசியில் ஊறவைத்தேன். காலையில் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. ஒரு ஈர்க்கில் குத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டு ஈர்க்கில் குத்தினேன், கொஞ்ச நேரம் நின்றது. அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது, அன்றைக்கு அந்தப் பிள்ளை விடியற்காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கேரி தீவில் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். கிள்ளான் வரை ரயில், பிறகு பஸ், பிறகு ஆற்றைக் கடக்கப் படகு, தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சம்பந்தியம்மா பெர்னடெட் வாசலிலேயே நின்றுகொண்டு, வாங்க சம்பந்தி, செத்த கோழி வாங்குற வீடு இதுதான், ஒரு வாய் தண்ணியாவது நம்பிக் குடிப்பீங்களா என்று கேட்டார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். ஜோசஃபின் உள்ளேயிருந்து வந்து, அம்மா சும்மா இரு என்று சொல்லி என்னை உட்கார வைத்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். நான் அன்னாசி போட்டதைச் சொன்னேன். பாதியிலேயே, எனக்குத் தெரியும் அத்தை, மூடியத் திறந்ததும் தெரியும், அன்னாசித் தோலப் பொறுக்கி வாழையடியில புதைச்சதும் நான்தான் என்றாள். ஏண்டி சொல்லல என்று கேட்டேன். மாமா நாளும் அதுவுமா உங்களப் பாத்து நாலு பேரு சிரிக்கவா என்றாள். எனக்கு அங்கேயே உயிர் போய்விடக் கூடாதா என்று இருந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். அவருக்கு எழுதிட்டீங்களா அத்தை என்றாள். எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டேன் வாலண்டைன். அங்கேயும் பொய். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. வந்துவிடு என்று கூப்பிட்டேன். நீங்க வந்ததே போதும், எழுதினவரு வந்து கூப்பிடட்டும் என்றாள்.

திரும்பி வந்ததும் அய்யாவு அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அன்றைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லச் சொன்னேன். அவர் தார் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி உன்னிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, அதையும் எழுதியாயிற்று. கிறிஸ்துமஸ் லீவில் நீ முதலில் செந்தூலுக்கு வர வேண்டாம். நேரே கேரி தீவுக்குப் போ. சம்பந்தியம்மா ஏதாவது சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள், அது எனக்குச் சேர வேண்டியது. ஜனவரியில் அவளைத் தும்பாட்டுக்கு அழைத்துப் போ. நான் இங்கே அப்பா இருந்த வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், என்னை நினைத்து நீ முன்னே பின்னே யோசிக்காதே. என்மேல் கோபம் என்றால் கோபமாகவே இரு, அவளை மட்டும் இன்னொரு நாள் அங்கே காக்க வைக்காதே.

சர்வேசுரன் உங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துக் காப்பாற்றட்டும், மாதா துணை இருக்கட்டும், அப்பாவின் ஆத்துமத்துக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்ல மறக்காதே. இன்னொன்று. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. கையோடு கேரி தீவுக்குக் கொண்டுபோய், அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்க, ஒரு எழுத்து விடாமல் நீயே சத்தமாகப் படி. எழுத்துப் பிழையை எல்லாம் ஜோசஃபின் பிறகு திருத்தட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ரபேல் உர்சுலா
(என் கைப்பட)